கைராசிக்காரியின் நாற்காலி

வேலை செய்கிற இடத்தில் எனக்குக் கிடைத்த தண்டனை, உட்கார்ந்திருப்பது. சொன்னால் சிரிப்பார்கள். முதல் நாள் நானே சிரித்தேன். வருஷக் கணக்காக நின்று நின்று கால் மரத்துப் போனவளைக் கூப்பிட்டு, இனிமேல் நீ நிற்கவே கூடாது, காலையில் வந்து இந்த நாற்காலியில் உட்கார், சாப்பாட்டுக்கு எழுந்திரு, மறுபடி வந்து உட்கார், ஷட்டர் இறக்கும்போது வீட்டுக்குப் போ என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

நாற்காலி சிவப்புப் பிளாஸ்டிக். ஒரு கால் கொஞ்சம் குட்டை. முதல் மாடியில், பட்டுப் பிரிவுக்கு நட்ட நடுவில், ஆள் உயரக் கண்ணாடிக்கு முன்னால் போட்டிருந்தார்கள். மூலையில் போட்டிருந்தால் ஒரு தூக்கமாவது போட்டிருப்பேன். நடுவில் போட்டதுதான் விஷயமே. மாடிப்படி ஏறி வருகிற கஸ்டமர், புடவை எடுத்துப் போடுகிற மற்ற ஆட்கள், டீ கொண்டுவருகிறவர் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் என்னோடு பேசக் கூடாது. நானும் ஒரு புடவையையும் தொடக் கூடாது. மேனேஜர் உத்தரவு.

எங்கள் கடை பெரிய காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் எந்த வழியில் போனாலும் ஒரு கோயில் வரும், அதற்கு முன்னால் ஒரு பட்டுக்கடையும் வரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது ஒற்றை அறைக் கடை. தரையில் மெத்தை போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். விற்கிற நாங்களும் உட்கார்ந்திருப்போம், வாங்குகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். புடவையை மடியிலிருந்தே வீசி விரித்துக் காட்டுவோம். கால் என்று ஒன்று இருப்பதே அந்தக் காலத்தில் எனக்கு ஞாபகம் வந்ததில்லை.

சேர்ந்த அன்றைக்குக் காலையில் கடையின் முதல் வியாபாரம், போணி, என் கையால் ஆனது. ஆரணிப் பக்கத்துக் குடும்பம், கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை. அடுத்த வருஷமே அவர்கள் கைக்குழந்தையோடு வந்து நின்று, “அந்தப் பொண்ணு கையால வாங்கினது, எல்லாம் நல்லபடியா நடந்துச்சு, ரெண்டாவது பொண்ணுக்கும் அது கையாலதான் எடுக்கணும்” என்றார்கள். அவ்வளவுதான். எனக்குக் கைராசி என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து தினமும் போணி என் கையால்தான். முகூர்த்தப் புடவை எடுக்க யார் வந்தாலும், கடைசியில் மடித்து இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பது நான்தான். பெண்ணின் அம்மா முந்தானையை ஏந்தி வாங்கிக்கொள்வார். அந்தக் கை சுமங்கலியின் கையாக இருக்க வேண்டும், நல்ல ராசியுள்ள கையாக இருக்க வேண்டும். என் வீட்டில் என் கை பட்டு விளங்கியதாக ஒரு சாமானைக்கூட என் புருஷன் சொல்ல மாட்டார். ஆனால் அவர் உயிரோடு திடமாக இருக்கிறார், கடைக்கு அது போதும்.

நான் திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் காலனியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். முதலாளி வீட்டுக்கு அடிக்கடி புடவை காட்டப் போவேன். அங்கே எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் காபி வரும், எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். சுத்தத்துக்காம். அதே வீட்டில் தீபாவளிப் புடவையை மட்டும் என் கையிலிருந்து முந்தானை ஏந்தி வாங்குவார்கள். நானும் பேப்பர் கப்பை நசுக்கிப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல்தான். ஆனால் சம்பளம் வருகிற இடத்தில் வயிற்றெரிச்சலுக்கு யார் வவுச்சர் போடுவார்கள்?

பிறகு கடை நான்கு மாடிக் கட்டடமாயிற்று. மெத்தை போய்க் கண்ணாடிக் கவுண்டர் வந்தது, ஏசி வந்தது, கஸ்டமருக்கு மட்டும் லிஃப்ட் வந்தது. எங்களுக்கு நிற்பது வந்தது. காலையிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். சாய்ந்தால் கேமராவில் பார்த்து மேனேஜர் மைக்கில் கவுண்டர் நம்பரைச் சொல்லுவார். ஆட்களுக்கான கழிவறை நாலாவது மாடியில். முகூர்த்த மாதங்களில் அங்கே போய் வர நேரம் கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தோம். எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்தது. அரக்குப் புடவைக்கு நல்ல பார்டர் கலர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கடை ஆட்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டமே போட்டிருக்கிறது. அதைச் சொன்னது பக்கத்துக் கவுண்டரில் நின்ற அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மெத்தைக் காலத்திலிருந்து கூட இருப்பவர். இரண்டு பேரும் மேனேஜரிடம் போய், கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்கார ஆளுக்கொரு ஸ்டூல் கேட்டோம்.

மேனேஜர் பக்கத்துக் கிராமம் கூரத்துக்காரர். எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். “கஸ்டமர் ஏறி வரும்போது நீங்க உக்காந்துக்கினு இருந்தா கடைக்கு இன்னாமா மரியாத?” என்றார்.

“மெத்தையில எல்லாரும் உக்காந்துக்கினுதானே சார் வித்தோம்? அப்ப மரியாத இல்லாமயா நாலு மாடி கட்டினாங்க?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அன்றைக்கு அது வெளியே வந்துவிட்டது.

ஸ்டூல் வரவில்லை. ஆகவே சங்கம் வந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் சைக்கிள் கடைக்கு மேலே தொழிற்சங்கக்காரர் ஒருவரின் அலுவலகம். எங்கள் அளவு கடைக்குச் சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும், பதிந்த பிறகும் ஏழுக்குக் குறையக் கூடாது என்றார் அவர். கடையில் அத்தனை பேரிடமும் காதோடு காதாகக் கேட்டோம். எல்லோருக்கும் கால் வலித்தது, கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை. கடைசியில் தேறியது சரியாக ஏழு பேர். ஒருவர் நழுவினாலும் சங்கம் இல்லை. என்னைத் தலைவியாக்கினார்கள். வாய்க்காகத்தான்.

பதிவு வந்து கடிதம் கடைக்குப் போன வாரத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு புது யோகம் அடித்தது. ஒருவரைச் சென்னைக் கிளைக்கு மாற்றினார்கள். இரண்டு பேரை வாசலில் கைகூப்பி “வாங்க, வாங்க” சொல்ல நிறுத்தினார்கள், உச்சி வெயிலில். இன்னும் இரண்டு பேருக்கு ஸ்டாக் எண்ணுகிற வேலை. எண்ணி முடித்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்லுவார்கள். அண்ணனைக் குடோனுக்கு அனுப்பினார்கள். அவருக்கு வீசிங் உண்டு. குடோனில் தூசியும் அந்துருண்டை நெடியும்தான் காற்று. காரணம் கேட்டால் “நிர்வாக வசதி” என்றார்கள்.

என்னை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். வேலையை விட்டு அனுப்ப மேனேஜருக்கு ஆசை. முதலாளிக்குப் பயம். கைராசிக்காரியை விரட்டினால் கடைக்கு ஆகாது என்று அவர் ஜோசியரே சொன்னாராம். கவுண்டரில் விட்டால் மற்றவர்களோடு பேசுவேன். யோசித்து யோசித்துத்தான் அந்த நாற்காலியைக் கண்டுபிடித்தார்கள். “உக்காரணும்னு கேட்டீங்க இல்ல? உக்காருங்கமா” என்று மேனேஜர் தன் கையாலேயே தூசி தட்டிப் போட்டார்.

இதில் கூத்து என்னவென்றால், போணி மட்டும் நிற்கவில்லை. தினமும் காலையில் சாம்பிராணி போட்டு முடிந்ததும் கீழே கல்லாவிலிருந்து முதலாளி இன்டர்காமில் பேசுவார். “அந்தம்மாவ எழுப்பு, போணி பண்ணட்டும்.” நான் எழுந்திருப்பேன். வந்தவருக்குப் புடவை காட்டி, மடித்து, இரண்டு கையாலும் கொடுப்பேன். திரும்ப வந்து உட்காருவேன். போணி செய்ய மாட்டேன் என்று ஒருநாள் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். வாங்க வந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? காலையில் எழுந்து குளித்துக் குடும்பத்தோடு வருகிறார்கள்.

வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பது சுகம் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. மடியில் வைத்தால் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும், கட்டிக்கொண்டால் திமிர் என்பார்கள். யாராவது புடவையைத் தப்பாக மடித்தால் உடம்பெல்லாம் பதறும், எழுந்து போய்த் திருத்த முடியாது. எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். அந்த நாட்களில் ஆத்திரத்தோடு சேர்ந்து அவமானமும் வந்தது. கஸ்டமரின் குழந்தைகள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

வீட்டில் புருஷனிடம் சொன்னேன். அவர் பெயின்டர், நாள் முழுக்க ஏணியில் நிற்கிறவர். “காலு வலிக்குது காலு வலிக்குதுனு பொலம்பிக்கினு இருந்த. இப்பதான் உக்கார வெச்சிட்டாங்களே, அப்பறம் இன்னா?” என்றார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

இந்த ஊரில் கடையில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவர் முதலாளி வீட்டு ஆள். அதனால் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வேலூரிலிருந்து வந்த அம்மா ஒருவர், கையில் கரை கோர்த்து நெய்த கோர்வைப் புடவையோடு நேரே என்னிடம் வந்துவிட்டார்.

“ஓனரம்மா, நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. பத்து பர்சன்ட் கொறைக்க மாட்டேன்றாங்க.”

“நான் ஓனரம்மா இல்லமா. சங்கத்துல சேந்ததுக்குத் தண்டனையா உக்கார வெச்சிருக்காங்க.”

அந்த அம்மா சற்று யோசித்தார். “அப்ப ஒரு அஞ்சு பர்சன்ட்டாவது கொறைங்க.”

இதைக் கேமராவில் பார்த்தார்களோ என்னவோ, மறுநாள் நாற்காலி கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு என் முகத்தைத்தான் நான் பார்க்க வேண்டும். என் மூஞ்சியைப் பார்த்து என் புருஷன் எப்படி இத்தனை வருஷம் தள்ளினார் என்று அன்றைக்குத்தான் அவர்மீது கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனால் ஒரு லாபமும் இருந்தது. அந்தக் கண்ணாடியில் முழு மாடியும் தெரிந்தது. பிளவுஸ் பிட் கவுண்டரில் நிற்கிறவள் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்துக்கொண்டே இருப்பது தெரிந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கின்றன. அவளும் கூரம். மேனேஜர்தான் வேலை வாங்கிக் கொடுத்தார். அதனால் கையெழுத்துக் கேட்கிற சமயத்தில் அவளிடம் மட்டும் நாங்கள் வாயே திறக்கவில்லை. கண்ணாடியில் என் கண்ணைச் சந்தித்தால் சட்டென்று குனிந்து துணி வெட்ட ஆரம்பிப்பாள். வெட்ட ஒன்றும் இல்லாதபோதும் குனிவாள். மேனேஜரின் ஒற்றர் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு தரம் மேனேஜர் ஒரு தாளோடு வருவார். சங்கத்திலிருந்து விலகுகிறேன் என்று ஒரே வரி. “ஒரு கையெழுத்துமா. நாளைக்கே கவுண்டருக்குப் போயிடலாம். எனக்கு மட்டும் உங்கள இப்பிடிப் பாக்க ஆசையா?” நான் கண்ணாடியைப் பார்த்தே தலையாட்டுவேன். போட்டால் ஏழு ஆறாகும், வெயிலில் நிற்கிறவர்களும் தூசியில் இருமுகிறவரும் பட்டதெல்லாம் வீண். குடோனிலிருந்து சாப்பிட வரும்போது அண்ணன் சொல்லுவார். “நீ அங்க உக்காந்துக்கினு இருக்கிற வரைக்கும் நானும் இங்க இருமிக்கினு இருப்பேன். நீ எழுந்திட்டன்னு தெரிஞ்சா அன்னைக்கே நான் வெளிய வந்துடுவேன்.” ஒப்பந்தம் அவ்வளவுதான்.

சங்கம் தொழிலாளர் துறையில் பழிவாங்கல் என்று மனு கொடுத்தது. கடை பதில் எழுதியது. “இவர் கையால் புடவை வாங்க வாடிக்கையாளர்கள் விரும்புவதில்லை. பல புகார்கள். ஆகவே விற்பனைப் பணியிலிருந்து விடுவித்துள்ளோம்.” தொழிற்சங்கக்காரர் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்காமல் நின்றேன், பேப்பர் கப்பை நசுக்கினேன், அதெல்லாம் சரி. என் கையைச் சொல்லிவிட்டார்களே!

அந்தச் சமயத்தில்தான் முதலாளி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே பெண். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மெத்தைக் காலத்தில் ஸ்கூல் விட்டு வந்து புடவைகளுக்கு நடுவில் தூங்கிவிடும், ஜரிகை குத்தாமல் நான்தான் தூக்கி ஓரமாகப் படுக்க வைப்பேன். ஒரு காலையில் அம்மாவோடும் வீடியோ எடுக்கிறவர்களோடும் முகூர்த்தப் புடவை எடுக்க மாடி ஏறி வந்தது. என்னைக் கண்ணாடிக்கு முன்னால் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டது.

“ஏன்க்கா இங்க கண்ணாடிய பாத்துக்கினு உக்காந்திருக்கீங்க?”

முதலாளியம்மா முந்திக்கொண்டார். “அக்காவுக்குக் கால் வலிமா. அப்பாதான் பாவம்னு ஒரு சேர் போட்டுக் குடுத்திருக்காரு.”

நல்ல கதை! வாய் வரைக்கும் வந்தது. பெண் கல்யாணக் களையோடு எதிரில் நிற்கிறது. விழுங்கினேன். பெண் அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட புடவையை எடுத்து, “அக்கா, நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். வேற யார் குடுத்தாலும் வேணாம்” என்றது. நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். எழுந்தேன். மடிப்பைச் சரி செய்து, கரை வெளியே தெரிகிற மாதிரி வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். முதலாளியம்மா முந்தானை ஏந்தி வாங்கினார். “நல்லா இரு கண்ணு” என்றேன். மனசாரத்தான் சொன்னேன், சிரிப்பும் தானாக வந்தது. கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. எனக்கும் முதலாளிக்கும் இருக்கிற சண்டையில் கல்யாணப் பெண்ணை இழுப்பேனா? இன்னொரு தரம் வந்தாலும் இதையேதான் செய்வேன்.

சாயங்காலத்துக்குள் அது ரீல்ஸாக வந்துவிட்டது. “எங்கள் இல்லத் திருமணம், எங்கள் கடைப் பட்டு”, பின்னால் நாதஸ்வரம். குடோனில் யாரோ அண்ணனுக்குக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார். மூச்சு இரைத்தது.

“நீ எழுந்திட்ட இல்ல?”

“அண்ணா, அது பொண்ணு கல்யாணம். திரும்பி வந்து உக்காந்துட்டேனே.”

“சிரிச்சிக்கினு குடுக்கிற. ஊரே பாக்குது. அவங்களும் நீயும் ஒண்ணாயிட்டீங்க. அப்ப நான் யாருக்காகமா தூசியில சாவறது?”

நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அன்றைக்கே மேனேஜரின் தாளில் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் அவர் தன் பழைய கவுண்டரில் நிற்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். இருமல் குறைந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவர்மேல் கோபம் வந்தது, அந்த இருமலை நினைத்தால் கோபம் நிலைக்கவும் இல்லை. ஏழு ஆறாகிவிட்டது. வாசலில் வெயிலில் நின்ற இரண்டு பேரும் ரீல்ஸைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சமரசப் பேச்சுக்கு லேபர் ஆபீஸில் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு அம்மா. முதலாளியே நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், பக்கத்தில் வக்கீல். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. எங்கள் பக்கம் நானும் தொழிற்சங்கக்காரரும்.

வக்கீல் எடுத்த எடுப்பிலேயே போனை நீட்டினார். நாதஸ்வரம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. “பாருங்க மேடம். பழிவாங்கறோம்னு புகார் குடுத்திருக்காங்க. முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவையே இந்தம்மா கையாலதான் வாங்கியிருக்காங்க. எவ்வளவு சந்தோஷமா சிரிக்கிறாங்க பாருங்க. குடும்பத்துல ஒருத்தியா வெச்சிருக்கோம்.”

அதிகாரி இரண்டு தரம் பார்த்தார். பிறகு கடை எழுதிய பதிலைப் புரட்டினார். “இதுல, இவங்க கையால புடவை வாங்க யாரும் விரும்பலனு எழுதியிருக்கீங்களே?”

“அது கஸ்டமர்ங்க சொன்னது மேடம்.”

“அப்ப பொண்ணுக்கு மட்டும் ஏன் வாங்கினீங்க?”

வக்கீலுக்குச் சென்னை. காஞ்சிபுரத்தில் பிறந்தவராக இருந்தால் அடுத்து வந்ததைச் சொல்லியிருக்க மாட்டார். “அது சும்மா வீடியோவுக்காக மேடம். ஒரு ஃபார்மாலிட்டி.”

முதலாளி நாற்காலியில் நெளிந்தார். அதிகாரி வக்கீலை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க ஐயா. உங்க கையெழுத்துதான் கீழ இருக்குது. இவங்க கை நல்ல கை இல்லயா?”

முதலாளி வாய் கூசாமல் எதையும் சொல்லக் கூடியவர். ஸ்டூல் ஆர்டர் போட்டாயிற்று என்று எங்களிடமே சொன்னவர். இங்கேயும் “நல்ல கை இல்ல” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேஸ் அவர் பக்கம் முடிந்திருக்கும். வக்கீல் மேஜைக்கு அடியில் அவர் தொடையைத் தட்டினார். ஆனால் அந்த அரக்குப் புடவை மஞ்சள் தடவி அவர் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. ஒரு வாரத்தில் அவர் பெண் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரப் போகிறது. அந்தப் புடவையைக் கொடுத்த கை கெட்ட கை என்று பெற்ற அப்பன் தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் நெற்றியில் வேர்த்துக் குங்குமம் வழிந்தது.

“நல்ல கை மேடம்” என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, “அந்த மாதிரி கை வேற யாருக்கும் கெடையாது” என்றார்.

வக்கீல் ஃபைலை மூடினார்.

எனக்கு அழுகையே வராது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு வந்தது. சந்தோஷத்தில் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட என் முகத்துக்கு நேரே சொல்லாத வார்த்தையை, அரசாங்கம் உட்கார வைத்துக் கேட்டால்தான் சொல்லுவாரா என்கிற ஆத்திரத்தில் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

அதிகாரி எழுதினார். என்னைக் கவுண்டருக்கு அனுப்ப வேண்டும். ஆட்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும். மற்ற இடமாற்றங்களை அடுத்த வாய்தாவில் பார்க்கலாம். அப்போது வக்கீல் கடைசியாக ஒன்று சொன்னார். “அடுத்த வாய்தாவுக்குச் சங்கம் இருந்தாதானே மேடம்? இப்ப ஆறு பேர்தான். பதிவை ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டாச்சு.” அதிகாரி எங்களைப் பார்த்தார். “ஏழாவது ஆள் இருக்காங்களா?” தொழிற்சங்கக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

நான் கவுண்டருக்குத் திரும்பினேன். இருக்கை விஷயத்தில் மேனேஜர் உத்தரவை அன்றைக்கே நிறைவேற்றிவிட்டார். அதே சிவப்பு நாற்காலியைக் கண்ணாடியிலிருந்து திருப்பிப் போட்டு, “இது எல்லாருக்கும் பொது. கால் வலிக்கிறவங்க உக்காரலாம்” என்று மைக்கில் சொன்னார். நாற்பது பேருக்கு ஒரு நாற்காலி. அதிலும் ஒருவரும் உட்காரவில்லை. அதில் உட்கார்ந்தால் சங்கத்து ஆள் என்று அர்த்தம். அண்ணன்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார். நானே உட்காரலாம்தான், ஆனால் நான் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறவள். வாய்தா நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஒரு காலையில் சாம்பிராணி போட்டாயிற்று. போணிக்கு ஒரு குடும்பம் வந்து என் எதிரில் நின்றது. புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். பிளவுஸ் பிட் கவுண்டரிலிருந்து அவள் கத்திரிக்கோலை வைத்துவிட்டு வந்தாள். நேராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். குட்டைக் கால் ஆடியது. மாடியே நின்றுபோயிற்று.

மேனேஜர் ஓடி வந்தார். “ஏய், இன்னா பண்ற? எழுந்திரு. அது யார் சேர்னு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“நான்தானே உனக்கு வேலை வாங்கிக் குடுத்தேன்? ஊர்ல என் மூஞ்சில எப்பிடி முழிப்ப?”

“கால் வலிக்குது சார்” என்றாள். எழுந்திருக்கவில்லை.

இன்டர்காமில் முதலாளி, போணி ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முதல் தடவையாகக் கண்ணாடி நடுவில் இல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா, ஏழாவது கையெழுத்து நான் போடறேன். பேனாவ மட்டும் உங்க கையால எடுத்துக் குடுங்க.”

புடவையைக் கீழே வைத்துவிட்டுப் போய், பில் போடுகிற பேனாவை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன். அவள் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.